தட்டில் செத்தது உடம்பில் சாகுமா?

கேள்வி: நான் முதுநிலை உயிர்த் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுத் திட்டத்துக்காக ஒரு செடியின் இலையை மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்து, ஆய்வகத் தட்டில் வெறும் திரவ ஊடகத்தில் வளர்த்த லீஷ்மேனியா (காலா அசார் நோயைத் தருவது) ஒட்டுண்ணி மீது சோதித்தேன். மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் சேர்த்தபோது 72 மணி நேரத்தில் பாதி ஒட்டுண்ணிகள் செத்துவிட்டன. வழிகாட்டி இதை உடனே கட்டுரையாக எழுதச் சொல்கிறார். இது மருந்தாகுமா? இதே மாதிரி எத்தனையோ கட்டுரைகள் வந்தும் மருந்து ஏன் வருவதில்லை? கம்பெனிகள் அமுக்கிவிடுகின்றனவா? இன்னொன்று: மலேரியா அதிகமுள்ள ஒரு நாட்டுக்கு என் சித்தப்பா வேலைக்குப் போகிறார். “அதுவும் ஒட்டுண்ணி, இதுவும் ஒட்டுண்ணி. மாத்திரை எதற்கு, அந்த இலையைப் பொடி பண்ணிக் கொடும்மா” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சித்தப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆய்வேடு நான்கு வாரம் தள்ளிப் போகலாம், அவருடைய பயணம் போகாது.

கொடுக்காதீர்கள். லீஷ்மேனியாவையும் மலேரியாவையும் ஒட்டுண்ணி என்று ஒரே பெயரால் அழைக்கிறோமே தவிர, இரண்டும் தூரத்து உறவுகூட இல்லை. லீஷ்மேனியா மணல் ஈ கடித்து உள்ளே வந்து வெள்ளையணுக்களுக்குள் குடியிருக்கிறது. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் கொசு வழியாக வந்து, கல்லீரலில் சில நாள் பதுங்கியிருந்து, பிறகு சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. குடற்புழுவோ தசை, நரம்பு எல்லாம் உள்ள முழு விலங்கு. புழுவுக்குக் கொடுக்கும் ஆல்பெண்டசோல் மலேரியாவைக் குணப்படுத்தாது. ஒன்றைக் கொன்ற இலை இன்னொன்றையும் கொல்லும் என்று எதிர்பார்க்க எந்த அடிப்படையும் இல்லை. அதோடு ஃபால்சிபாரம் வகை மலேரியாவில், சிகிச்சை இல்லாமல் விட்டால், காய்ச்சல் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தான நிலை வரக்கூடும். இலைப்பொடியைச் சோதித்துப் பார்க்க அங்கே அவகாசம் கிடையாது.

டாக்டரைப் பார்த்து, போகும் இடத்துக்கேற்ற தடுப்பு மாத்திரையை எழுதி வாங்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கும்போதும், திரும்பி வந்த பிறகு பல மாதங்கள் வரையிலும், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். “எனக்குச் செடியிலிருந்து வந்ததுதான் வேண்டும்” என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அட்டோவாகுவோன்–புரோகுவானில் மாத்திரையைக் காட்டுங்கள். அதில் முதலாவது பொருளின் பூர்வீகம் ஒரு மரம்தான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி அந்த மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது.

தென் அமெரிக்காவின் தபேபுயா வகை மரங்களின் கட்டையில் லப்பச்சால் என்று ஒரு மஞ்சள் நிறப் பொருள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேரியா மருந்தான குயினைனுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தக் குடும்பத்துச் சேர்மங்கள் வாத்துகளுக்கு வரும் மலேரியாவைக் கட்டுப்படுத்துவதைக் கண்டார்கள். ஹார்வர்டில் வேதியியலாளர் லூயி ஃபீசரின் குழு அதே அச்சில் நூற்றுக்கணக்கான மாற்று வடிவங்களைச் செய்து பார்த்தது. வாத்துக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கவில்லை. நம் கல்லீரல் அவற்றை வந்த வேகத்தில் சிதைத்து வெளியே தள்ளிவிட்டது. பிறகு பல பத்தாண்டுகள் கழித்து, கல்லீரல் கை வைக்கும் இடத்தை அடைத்துக்கட்டிய ஒரு வடிவம் கிடைத்தது. அதுதான் அட்டோவாகுவோன். அதைத் தனியாகக் கொடுத்தபோது ஒட்டுண்ணி ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் தப்பித்துக்கொண்டது. அதனால்தான் புரோகுவானிலைத் துணைக்குச் சேர்த்தார்கள். அந்த மரத்தின் பட்டையைக் கஷாயம் வைத்துக் குடித்து மலேரியாவைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த மரம் இல்லாமல் இந்த மாத்திரையும் இல்லை. செடி நமக்குத் தருவது ஒரு மூலக்கூறின் முகவரியை. அங்கே போய்ச் சேர்வதற்கான உழைப்பு மொத்தமும் பிறகுதான் தொடங்குகிறது.

இப்போது உங்கள் 20 மைக்ரோகிராமுக்கு வருவோம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வேடுகளைத் திருத்தும்போது நான் இந்தக் கணக்கை ஓரத்தில் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்றால் லிட்டருக்கு 20 மில்லிகிராம். வளர்ந்த மனிதனின் உடலில் சுமார் 40 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. உங்கள் சாறு அதில் சமமாகப் பரவுவதாக வைத்துக்கொண்டால், தட்டில் இருந்த அதே செறிவு வர 800 மில்லிகிராம் சாறு முழுதாக உடலுக்குள் போயாக வேண்டும். வாய்வழியே கொடுத்தால் எல்லாம் ரத்தத்தில் சேராது. 5 சதவீதம் சேர்கிறது என்று வைப்போம், பல தாவரப் பொருட்களுக்கு அதுவே தாராளம். ஆக 16 கிராம் சாறு. உலர்ந்த இலையிலிருந்து பத்தில் ஒரு பங்கு சாறு கிடைத்தால், 160 கிராம் காய்ந்த இலை. அதை ஒரே வேளையில் விழுங்க வேண்டும். சில மணி நேரத்தில் கல்லீரல் பாதியைக் கழித்துவிடும் என்பதால் திரும்பத் திரும்ப விழுங்க வேண்டும். இத்தனைக்கும் இது பாதியைக் கொல்லும் அளவுதான்.

பாதி என்பது நோயாளியைப் பொறுத்தவரை ஒன்றுமே இல்லை. முற்றிய மலேரியாவில் ஓர் உடலுக்குள் லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் வரை இருக்கலாம். பாதி செத்தால் ஐம்பதாயிரம் கோடி மிச்சம். ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் ஒட்டுண்ணியின் ஒரு 48 மணி நேரச் சுழற்சிக்குள் அதன் எண்ணிக்கையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. அப்படிப்பட்ட மருந்துக்கே, மிச்சமிருப்பதைத் துடைத்தெடுக்க நீண்ட நேரம் ரத்தத்தில் தங்கும் கூட்டாளி மருந்து தேவைப்படுகிறது.

மனம் தளர வேண்டாம், இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் சாற்றில் நூற்றுக்கணக்கான பொருட்கள் கலந்திருக்கின்றன. கொல்லும் பொருள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றால், அதன் உண்மையான வீரியம் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம். அது நிஜமாகவே நிமிர்ந்து உட்கார வைக்கும் எண். ஆக சாற்றின் எண்ணை வைத்து இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிப்பதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் கொன்றது லீஷ்மேனியாவின் எந்த வடிவத்தை? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. 72 மணி நேரச் சோதனை, வெறும் திரவ ஊடகம் என்பதை வைத்து, வால் அசைத்து நீந்தும் புரோமாஸ்டிகோட் வடிவம் என்று ஊகிக்கிறேன். அது மணல் ஈயின் குடலுக்குள் வாழும் வடிவம். மனிதனுக்கு நோய் தருவது வாலை உள்ளிழுத்துக்கொண்டு, உருண்டையாகி, மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுவுக்குள், அதுவும் அமிலம் நிறைந்த ஒரு பைக்குள் ஒளிந்திருக்கும் அமாஸ்டிகோட். அதைத் தொட உங்கள் பொருள் மூன்று சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: செல்லின் சவ்வு, பையின் சவ்வு, ஒட்டுண்ணியின் சவ்வு. தாண்டிப் போய்க் கொல்லும்போது வீட்டுக்காரனான மேக்ரோஃபேஜுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. இந்தத் துறைக் கட்டுரைகளில் பெரும் பகுதி நீந்தும் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. வளர்ப்பது சுலபம், எண்ணுவது சுலபம், செலவு குறைவு. மருந்து ஏன் வருவதில்லை என்று கேட்டீர்களே, இதுவும் ஒரு காரணம். நோயாளிக்குள் இல்லாத ஒன்றை நாம் திறமையாகக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

அடுத்து, நிஜமாகவே செத்ததா என்று பாருங்கள். உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும் எம்.டி.டி. சோதனையில் அந்த ஊதா நிறத்தை அளந்திருப்பீர்கள். இலைச் சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் உயிருள்ள செல் எதுவும் இல்லாமலே எம்.டி.டி.யை ஊதாவாக்கும். பச்சையமும் கருவியின் அளவீட்டைக் குழப்பும். செல்லே இல்லாத தட்டுக் குழிகளில் சாற்றையும் எம்.டி.டி.யையும் மட்டும் போட்டு ஒப்பிட ஒரு கண்ட்ரோல் வைத்தீர்களா? இல்லையென்றால் உங்கள் 20 என்ற எண்ணே ஆட்டம் காணும். சாற்றைக் கரைக்கச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ. எவ்வளவு இருந்தது என்பதும் முக்கியம். ஒரு சதவீதத்தைத் தாண்டினால் ஒட்டுண்ணியை வருத்துவது கரைப்பானாகவே இருக்கலாம்.

கருவியை ஒதுக்கிவிட்டு நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பாருங்கள். வால் மெல்ல மெல்ல ஓய்ந்து, உடல் சுருங்கி நின்றால் உள்ளே ஏதோ ஓர் இயக்கம் தடைபட்டிருக்கிறது என்று பொருள். சாற்றை விட்ட ஐந்து பத்து நிமிடங்களிலேயே எல்லாம் வெடித்து வெறும் கூடுகளாகக் கிடந்தால் சப்போனின் என்ற நுரைக்கும் தாவரப் பொருள் மீது சந்தேகப்படுங்கள். அது சோப்பு வேலை. சோப்பு எந்த ஒட்டுண்ணியையும் கொல்லும், எந்தச் செல்லையும் கொல்லும். உறுதி செய்ய, கழுவிய சிவப்பணுக்களை உப்புநீரில் கலந்து அதே அளவு சாற்றை விட்டு, ஒரு மணி நேரம் வைத்து, மையவிலக்கியில் சுற்றுங்கள். மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் சிவந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. துவர்ப்பு தரும் டானின்கள் வேறு மாதிரி ஏமாற்றும். கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். தட்டில் பிரமாதமாக வேலை செய்யும், குடலுக்குள் போனால் அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்துக்கு வந்தே சேராது. மஞ்சளில் உள்ள குர்குமினும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். சோதனைக்கு வைத்த இலக்கையெல்லாம் தாக்குவதாகக் காட்டும், ரத்தத்தில் தேடினால் அகப்படாது.

இவற்றையெல்லாம் தாண்டிய தாவரப் பொருட்களும் கடைசியில் விழுந்த இடம் ஒன்று உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுவதும் புழு மருந்துகள் பெரும்பாலும் செடிகளிலிருந்துதான் வந்தன. உருண்டைப்புழுவுக்கு ஆர்ட்டிமிசியா சினா என்ற செடியின் மொட்டிலிருந்து சான்டோனின். புழு வெளியே வந்தது, நோயாளிக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. நாடாப்புழுவுக்கு ஆண் பெரணியின் வேர்த்தண்டுச் சாறு. சிலருக்குப் பார்வை நரம்பு பாதித்துக் கண்ணே போனது. கொக்கிப்புழுவுக்குச் செனோபோடியம் எண்ணெய். அளவு சற்றே கூடியதில் இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அமீபா வயிற்றுக்கடுப்புக்கு இபிகாக் வேரின் எமெட்டின் ஊசி அருமையாக வேலை செய்தது, இதயத் தசையையும் கெடுத்தது. மெட்ரோனிடசோல் வந்தபின் அதைத் தேடுவாரில்லை. இவை எதுவும் வேலை செய்யாததால் வழக்கொழியவில்லை. புழுவைக் கொல்லும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி போதாததால் ஒழிந்தன. இயற்கையானது என்பதால் கெடுதல் இல்லை என்று உங்கள் சித்தப்பா சொன்னால் இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள். வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுத்ததில் கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செனோபோடியம் எண்ணெயில் வேலை செய்யும் பொருள் அஸ்காரிடோல். அதன் நடுவே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்த ஒரு பெராக்சைடு பாலம் இருக்கிறது. ஆர்ட்டிமிசினினிலும் அதே போன்ற பாலம்தான். ஒன்று ஆட்களைக் கொன்ற எண்ணெய், மற்றொன்று லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த மருந்து. ஆர்ட்டிமிசினினின் பாலம் உடைந்து வேலையைத் தொடங்க, இரும்பு உள்ள ஹீம் என்ற மூலக்கூறு தேவை. மலேரியா ஒட்டுண்ணியோ சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்று, ஹீமைக் குவித்துக்கொண்டிருக்கிறது. அதாவது மருந்து வெடிக்கும் இடம் ஒட்டுண்ணியின் வயிற்றிலேயே இருக்கிறது. உங்கள் பொருளிடமும் நான் கேட்பது இதைத்தான்: நம் உடலில் இல்லாத எதை அது பிடித்துக்கொள்கிறது? பதில் உடனே வேண்டாம், கேள்வியை மட்டும் கையில் வைத்திருங்கள்.

ஆர்ட்டிமிசினினைக் கண்டெடுத்த சீன விஞ்ஞானி து யூயூவின் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். 2015இல் நோபல் கிடைத்தபோது, “பழைய சுவடியில் இருந்தது, அறிவியல் இப்போதுதான் ஒப்புக்கொண்டது” என்று பலரும் எழுதினார்கள். நான் அதை வேறு மாதிரி வாசிக்கிறேன். 1967இல் தொடங்கிய சீனத் திட்டத்தில் அவருடைய குழு சுமார் 2000 மருந்துக் குறிப்புகளைப் புரட்டி, 380 சாறுகளை எலிகளில் சோதித்தது. ஆர்ட்டிமிசினின் இருக்கும் ஆர்ட்டிமிசியா அன்னுவா செடியின் சாறு ஒரு முறை பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் கே ஹொங் எழுதிய குறிப்பில், இலையைக் கொதிக்க வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடு பொருளைக் கெடுக்கிறதோ என்று அவர் சந்தேகப்பட்டார். 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரால் பிரித்தெடுத்து, அமிலப் பகுதியை நீக்கினார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளில் ஒட்டுண்ணியை முழுவதுமாக ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் சக ஊழியர்களும் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள். சுவடி கொடுத்தது ஒரு குறிப்பு. மருந்தானது, ஏன் ஒரு முறை பலித்து மறுமுறை பலிக்கவில்லை என்று விடாமல் கேட்டதால். உங்கள் இலையை வேறு பருவத்தில், வேறு இடத்தில் பறித்துத் திரும்பச் செய்து பார்த்தீர்களா?

அந்தச் செடியின் தேநீரைக் குடித்தாலே மலேரியா போய்விடும் என்று ஒரு பிரசாரம் இன்றும் நடக்கிறது. ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒன்பது கிராம் இலையில் போட்ட ஒரு லிட்டர் தேநீரை அளந்தபோது, ஒரு நாளைக்குத் தேவையான மருந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது. குடித்தவர்களுக்குக் காய்ச்சல் இறங்கியது, பலருக்குச் சில வாரங்களில் ஒட்டுண்ணி திரும்பி வந்தது. அரைகுறை அளவு ஒட்டுண்ணிக்கு எதிர்ப்புச் சக்தியைப் பழக்கும் என்பதால் உலக சுகாதார அமைப்பு இந்தத் தேநீரையும் பொடியையும் பரிந்துரைப்பதில்லை.

கம்பெனிகள் அமுக்குகின்றனவா என்றால், அமுக்க வேண்டிய அவசியமே அவற்றுக்கு இல்லை. கண்டுகொள்ளாமல் இருந்தாலே போதும். இந்த நோய்கள் பெரும்பாலும் வாங்கும் சக்தி இல்லாதவர்களுக்கு வருபவை. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1999இல் மலேரியா மருந்துகளுக்கென எம்.எம்.வி. என்ற அமைப்பும், 2003இல் லீஷ்மேனியா போன்ற கைவிடப்பட்ட நோய்களுக்கென டி.என்.டி.ஐ. என்ற அமைப்பும் லாப நோக்கமில்லாமல் தொடங்கப்பட்டன. நல்ல பொருள் கையில் இருந்தால் கதவைத் தட்ட இடம் இருக்கிறது. லீஷ்மேனியாவுக்குத் தூய பொருள் 10 மைக்ரோமோலார் செறிவுக்குக் கீழேயே வேலை செய்ய வேண்டும், மனிதச் செல்லைக் கெடுக்கும் அளவு அதைப்போல் பத்து மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இத்துறையில் முதல் சல்லடை. செடியைக் காட்டிக்கொடுத்தது ஒரு நாட்டு வைத்தியர் என்றால், அவருடைய பங்கை இப்போதே எழுத்தில் வையுங்கள். உயிரின வளங்களின் பலனைப் பகிர்வது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா சர்வதேச ஒப்பந்தம் அதைத்தான் கேட்கிறது. 1865இல் குயினைன் மிகுந்த சிங்கோனா மரத்தின் விதைகளை ஆங்கிலேய வணிகர் சார்லஸ் லெட்ஜருக்குச் சேகரித்துக் கொடுத்த பொலிவியப் பழங்குடி மானுவல் இங்க்ரா மமானி அதற்காகவே சிறைப்பட்டு, அடிபட்டு இறந்தார். அந்த விதையில் ஜாவாவின் தோட்டங்கள் செழித்தன.

இனி வேலை. செடியின் உலர்மாதிரி ஒன்றை ஹெர்பேரியம் என்ற தாவரக் காப்பகத்தில் பதிந்து எண் வாங்குங்கள். மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் அமாஸ்டிகோட் மீதும், ஒட்டுண்ணி இல்லாத மேக்ரோஃபேஜ் மீதும் ஒரே வாரத்தில் சோதனை செய்யுங்கள். இரண்டு எண்ணும் அருகருகே வந்தால் நிறுத்திவிடலாம். பத்து மடங்கு இடைவெளி இருந்தால் சாற்றை ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், தண்ணீர் என்று பிரித்து, கொல்லும் வேலை எந்தப் பகுதியோடு போகிறது என்று பின்தொடருங்கள். மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காட்டும் நிறைமாலைக் கருவியில் ஓட்டும்போது உர்சாலிக் அமிலம் வந்து நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். அது எண்ணற்ற இலைகளில் உண்டு, லீஷ்மேனியாவைக் கொல்லும் என்பதும் பழைய செய்தி. அதை முன்கூட்டியே கண்டுபிடித்தால் ஒரு வருடம் மிச்சம்.

குடற்புழுப் பக்கம் போக மனம் இருந்தால் அங்கே ஒரு வசதி உண்டு. புழு இருப்பது குடலில், ஆகவே பொருள் ரத்தத்தில் சேரவே வேண்டியதில்லை. மேலே போட்ட 160 கிராம் கணக்கு அங்கே பொருந்தாது. பப்பாளிப் பாலில் உள்ள புரதம் செரிக்கும் நொதிகள் புழுவின் மேல்தோலையே கரைப்பதை எலிகளிலும் ஆடுகளிலும் காட்டியிருக்கிறார்கள். கைவிடப்பட்ட நோய்களுக்குள்ளும் கைவிடப்பட்ட மூலை அது என்பது என் அபிப்பிராயம்.

வழிகாட்டியிடம் இப்போதே மறுப்பு சொல்ல வேண்டாம். அமாஸ்டிகோட் சோதனைக்கு ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள், அந்த முடிவு இருந்தால் கட்டுரை இன்னும் நல்ல இதழுக்குப் போகும் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. முடிவு எதிர்மறையாக வந்தாலும் அட்டவணையில் சேர்த்து வெளியிடுங்கள். இதே செடியை எடுத்துக்கொண்டு இன்னொரு மாணவி உட்காரப் போகிறாள், அவளுக்கு அந்த வரி தேவைப்படும்.